சர்வீஸ் சார்ஜ் கட்டினா டிப்ஸ் கொடுத்த மாதிரியா? பில்லில் இருக்கும் அந்த 10% யாருக்குப் போகிறது?

ஹோட்டலில் பில் வந்ததும் பெரும்பாலும் நம் கண் போவது கடைசி வரிக்குத்தான். அதற்கு இரண்டு வரி மேலே, சில ரெஸ்டாரன்ட்களில் 'சர்வீஸ் சார்ஜ் 10%' என்று ஒன்று இருக்கும். 'அதான் டிப்ஸையும் சேர்த்துப் பிடிச்சுட்டாங்களே' என்று நினைத்துக்கொண்டு, ஸ்கேன் பண்ணிப் பணத்தை அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

ஆனால், அந்த 10% டிப்ஸ் கிடையாது. அரசு வரியும் கிடையாது. அது ரெஸ்டாரன்ட் தானாகச் சேர்க்கும் ஒரு தொகை. நமக்குப் பரிமாறிய சர்வரின் கைக்கு அது முழுசாகப் போய்ச் சேரும் என்று அந்த பில்லில் எங்கேயும் எழுதியிருக்காது. அப்படியென்றால் அந்தப் பணம் என்ன ஆகிறது? டிப்ஸ் பற்றி சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

முதலில் கணக்கு

நாலு பேர் சாப்பிட்ட பில் ரூ.2,000 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ரெஸ்டாரன்ட்களில் ஜி.எஸ்.டி 5%.

● சர்வீஸ் சார்ஜ் இருந்தால்: ரூ.2,000 + சர்வீஸ் சார்ஜ் ரூ.200 = ரூ.2,200. இந்த மொத்தத்துக்கும் சேர்த்து 5% ஜி.எஸ்.டி போட்டால் ரூ.110. கட்ட வேண்டியது ரூ.2,310.

● சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால்: ரூ.2,000 + ஜி.எஸ்.டி ரூ.100. கட்ட வேண்டியது ரூ.2,100.

● சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லிவிட்டு, சர்வர் கையில் நீங்களே ரூ.200 கொடுத்தால்: மொத்தச் செலவு ரூ.2,300.

மூன்றாவது வழியில் உங்களுக்கும் 10 ரூபாய் மிச்சம். அந்த 200 ரூபாயும் யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கே போகிறது. முதல் வழியில் அந்த 200 ரூபாய் நிர்வாகத்தின் கணக்குக்குப் போகிறது. அதை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் அவர்கள் முடிவு.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயமா?

இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதி இதற்கென வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன் சாரம் இதுதான்:

● பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது.
● வேறு பெயர் வைத்தும் வசூலிக்கக் கூடாது.
● கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. இது விருப்பத்தின் பேரில் கொடுப்பது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.
● 'சர்வீஸ் சார்ஜ் கட்டாவிட்டால் உள்ளே வராதீங்க' என்று சொல்லக் கூடாது.
● உணவு பில்லோடு சேர்த்து, அதற்கும் ஜி.எஸ்.டி போடக் கூடாது.

இதை எதிர்த்து ரெஸ்டாரன்ட், ஹோட்டல் உரிமையாளர் கூட்டமைப்புகள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. அதே மாதம் வழிகாட்டுதல்களுக்கு இடைக்காலத் தடையும் கிடைத்தது. 2025 மார்ச் 28-ம் தேதி நீதிபதி பிரதிபா எம்.சிங் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தார். மனுதாரர்களுக்குத் தலா ரூ.1 லட்சம் அபராதமும் விதிக்கப்பட்டது. இந்தத் தீர்ப்பை எதிர்த்து அந்தக் கூட்டமைப்புகள் மேல்முறையீடு செய்தன.

'எடுங்க' என்று எப்படிச் சொல்வது?

பணம் கட்டுவதற்கு முன்பே, 'சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் கொடுங்க' என்று கேட்கலாம். இதை மேனேஜரிடம் கேளுங்கள். பில்லைக் கொண்டுவந்த சர்வரிடம் சத்தம் போடுவதில் அர்த்தமில்லை; அதைச் சேர்த்தது அவர் இல்லை.

மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் ஆன்லைனிலேயே வழக்குப் பதிவு செய்ய முடியும். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிப்ஸ் சம்பளத்தில் சேருமா?

சேராது. ஐ.டி.சி நிறுவனத்தின் ஹோட்டல் தொடர்பான வரி வழக்கில் 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வாடிக்கையாளர் கார்டில் கொடுத்த டிப்ஸை ஹோட்டல் வாங்கி ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலும், அது முதலாளி கொடுக்கும் சம்பளம் ஆகாது. எனவே ஹோட்டல் அதில் டி.டி.எஸ் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கிய ஊழியருக்கு அது வருமானம்தான்.

வரி பிடிப்பதில்லையே, நல்லதுதானே என்று தோன்றும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சம்பளம் இல்லை என்பதால் டிப்ஸுக்கு பி.எஃப் கிடையாது. சம்பளச் சீட்டில் வராது. வங்கியில் லோன் கேட்டுப் போனால் அதைக் காட்டவும் முடியாது. உடம்பு சரியில்லாமல் ஒரு வாரம் வீட்டில் படுத்தால், அந்த வார டிப்ஸும் போச்சு.

டிப்ஸ் எல்லோருக்கும் போவதும் இல்லை. மேஜைக்கு வந்து பரிமாறுபவருக்குக் கிடைக்கிறது. உள்ளே தோசைக்கல் முன்னால் நிற்பவருக்கும், பாத்திரம் கழுவுபவருக்கும், இலை எடுப்பவருக்கும் கிடைப்பதில்லை. சில ஹோட்டல்களில் எல்லா டிப்ஸையும் ஒரு பெட்டியில் போட்டுப் பங்கு பிரிப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் 20% கொடுக்கிறார்களே?

ரீல்ஸ் பார்த்துவிட்டுப் பலர் கேட்கும் கேள்வி இது. அங்கே சட்டமே வேறு. அமெரிக்க மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதி டிப்ஸில் வந்துவிட வேண்டும். வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும். 1991-லிருந்து அந்த 2.13 டாலர் மாறவே இல்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் இந்தக் கழிவை அனுமதிப்பதில்லை. மற்ற பல மாநிலங்களில், வாடிக்கையாளர் டிப்ஸ்தான் சர்வரின் சம்பளத்தில் பெரும்பங்கு.

இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கழிவு கிடையாது. டிப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியை முதலாளிதான் கொடுக்க வேண்டும். 'டிப்ஸ் வருதுல்ல, அப்புறம் என்ன?' என்று சொல்லி சம்பளத்தைக் குறைக்க முடியாது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2024 அக்டோபர் 1 முதல் அங்கே வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ் முழுவதையும் முதலாளி எதுவும் பிடிக்காமல், நியாயமாகப் பிரித்து ஊழியர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். டிப்ஸுக்கென்று இப்படி ஒரு தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

ஆப்பில் முன்கூட்டியே டிப்ஸ் கேட்டால்?

டாக்ஸி ஆப்களில் 'கூடுதலாக டிப்ஸ் சேர்த்தால் டிரைவர் சீக்கிரம் கிடைக்கலாம்' என்று காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 2025 மே மாதம் இதற்காக ஊபருக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. சேவை முடிந்த பிறகு மனமுவந்து கொடுப்பதுதான் டிப்ஸ், வேகமாக வருவதற்கு முன்பணமாகக் கேட்பது தவறு என்பது மத்திய நுகர்வோர் விவகாரத்துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி அப்போது சொன்னது.

அப்போ எவ்வளவு கொடுக்கலாம்?

இந்தியாவில் இதற்கு விதி எதுவும் இல்லை. கொடுக்காவிட்டாலும் தப்பில்லை. ஆனால் யு.பி.ஐ வந்த பிறகு ஒரு விஷயம் சத்தமில்லாமல் மாறியிருக்கிறது. முன்பு சோம்புத் தட்டில் மீதிச் சில்லறை வரும். அதில் பத்தோ இருபதோ அங்கேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவோம். இப்போது பில் 347 ரூபாய் என்றால் 347 ரூபாயே போகிறது. மீதி என்று ஒன்று வருவதில்லை. 'கொடுக்கக் கூடாது' என்று யாரும் முடிவெடுக்கவில்லை. கொடுக்கிற சந்தர்ப்பம்தான் காணாமல் போய்விட்டது.

கவுன்டரில் இருக்கும் க்யூ.ஆர் கோடில் கூடுதலாக அனுப்பினால் அது கடையின் கணக்குக்குத்தான் போகும். கொடுப்பதென்று முடிவு செய்தால் நேராகக் கையில் கொடுங்கள். நோட்டு இல்லையென்றால், 'அண்ணே, உங்க ஜிபே நம்பர் சொல்லுங்க' என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.