தேய்ந்த பிரித்தானியப் பென்னி: இனங்காணலும் மதிப்பும்

பென்னி என்பது 1971 வரை பிரித்தானியாவில் வழங்கிய சில்லறை நாணயம். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. 1860 முதல் இது வெண்கலத்தில் அச்சடிக்கப்பட்டது. இதை இனங்காண்பது எளிது. இது எவ்வளவு பெறும் என்ற கணக்கில்தான் பலர் ஏமாறுகின்றனர்.

வெண்கலப் பென்னியின் விட்டம் 30.8 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 9.4 கிராம். தேய்ந்த நாணயத்தில் எடை சற்றுக் குறையும். இது காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்பின்மேல் பூச்சிட்ட போலி. பின்பக்கத்தில் கேடயத்தோடும் திரிசூலத்தோடும் அமர்ந்திருக்கும் பெண் உருவம் பிரித்தானியா. அவள் காலடியில் ஆண்டு இருக்கும். இதே அளவில், இதே அரசரின் தலையோடு ஆஸ்திரேலியாவும் பென்னி வெளியிட்டதுண்டு. பின்பக்கத்தில் கங்காரு இருந்தால் அது ஆஸ்திரேலிய நாணயமே.

ஆண்டு தேய்ந்து மறைந்திருந்தாலும் தலை உருவம் காலத்தைக் காட்டிவிடும். கொண்டை முடிந்த இளம் விக்டோரியா என்றால் 1860 முதல் 1894 வரை; முக்காடிட்ட முதிய விக்டோரியா என்றால் 1895 முதல் 1901 வரை. தாடியுடன் வலப்பக்கம் பார்ப்பவர் ஏழாம் எட்வர்டு (1902–1910). தாடியுடன் இடப்பக்கம் பார்ப்பவர் ஐந்தாம் ஜார்ஜ் (1911–1936). தாடியில்லாதவர் ஆறாம் ஜார்ஜ் (1937–1951). அடுத்து வருபவர் இரண்டாம் எலிசபெத். பிரித்தானியாவின் ஒருபுறம் கலங்கரை விளக்கமும் மறுபுறம் கப்பலும் தெரிந்தால் அது 1894க்குப் பிற்பட்டதன்று. 1895இல் இரண்டும் நீக்கப்பட்டன. 1937இல் கலங்கரை விளக்கம் மட்டும் திரும்பி வந்தது.

தலையைச் சுற்றியுள்ள எழுத்துகளில் ‘இண்ட் இம்ப்’ என்ற இலத்தீன் சுருக்கம் இருக்கலாம். ‘இந்தியாவின் பேரரசர்’ அல்லது ‘பேரரசி’ என்பது அதன் பொருள். ‘இண்ட்’ என்பதை மட்டும் படித்துவிட்டு இதை இந்திய நாணயம் என்று கொள்வது தவறு. 1895 முதல் 1948 வரையிலான பென்னிகளில் இது உண்டு. இந்தியா விடுதலை பெற்றபின், 1949 முதல் நீக்கப்பட்டது.

பழமை வேறு, அருமை வேறு. நூறாண்டு கடந்த நாணயம் என்பதனால் மட்டும் விலை ஏறாது. 1917ஆம் ஆண்டில் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்ட பென்னிகள் அச்சடிக்கப்பட்டன. 1967 என்று ஆண்டு பொறித்தவை 65 கோடிக்கும் மேல். இத்தகையவை தேய்ந்த நிலையில் ஒரு பவுண்டு கூடப் பெறுவதில்லை. முடியிழைகளும் பிரித்தானியாவின் ஆடை மடிப்புகளும் கூர்மையாகத் தெரிந்தால்தான் விலை உயரும். விலைப்பட்டியலில் காணும் தொகையும் வணிகர் விற்கும் விலைதான். அவர் நம்மிடம் வாங்கும்போது அதில் ஒரு பகுதியே கிடைக்கும்.

பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியவை சில உள்ளன. 1918, 1919 நாணயங்களில் ஆண்டுக்கு இடப்புறம் ‘கே.என்.’ என்ற எழுத்துகள் இருந்தால், அது பர்மிங்காமில் தனியார் ஆலையில் அடித்தது. தேய்ந்திருந்தாலும் சாதாரண பென்னியைவிடக் கூடுதலாகப் பெறும். 1950, 1951 ஆண்டுகளில் அச்சடித்தவையும் குறைவு. எல்லாவற்றினும் அரியது 1933. அவ்வாண்டு புழக்கத்திற்குப் போதிய பென்னிகள் இருந்ததால் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே அடித்தனர். வேறோர் ஆண்டின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி 1933 ஆக்கிய போலிகளே கைக்கு வரும். தாடியில்லாத அரசரோடு 1933 என்றிருந்தால் ஆராயவே வேண்டியதில்லை.

நம் வீடுகளில் செம்புப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கும் வழக்கம் நாணயத்துக்கு ஆகாது. புளி, எலுமிச்சை, திருநீறு எது கொண்டு தேய்த்தாலும் காலம் படியவைத்த பழுப்புப் படலம் போய், இயல்பற்ற சிவப்பு வந்துவிடும். சேகரிப்போர் அதைக் கண்டதும் விலையைக் குறைப்பர். அழுக்கு மிகுந்தால் வெறும் நீரில் ஊறவைத்து, ஒற்றி உலர்த்தினால் போதும்.

பழைய நாணயத்துக்கு இலட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, முன்பணமாகக் கட்டணமோ கமிஷனோ கேட்போர் இந்தியாவில் உண்டு. சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தியதால், தான் அத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும் எவரையும் அதற்கு நியமிக்கவில்லை என்றும் அவ்வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது.