ஆளில்லாத் தீவில் ஆறாயிரம் மான்கள்

வடகோடியில் ஆசியாவும் அமெரிக்காவும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் இடத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பது பேரிங் கடல். அக்கடலின் நடுவே, மிக அருகிலுள்ள ஊரிலிருந்தும் 200 மைலுக்கு அப்பால், செயிண்ட் மத்தேயு என்னும் தீவு தனித்துக் கிடக்கிறது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த இத்தீவின் நீளம் ஏறக்குறைய 32 மைல். பரப்பு சுமார் 130 சதுர மைல். பினாங்குத் தீவைவிடச் சற்றுப் பெரிது எனலாம். ஆயினும் பினாங்கில் பல இலட்சம் மக்கள் வாழ, அங்கே நிலையாகக் குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லை.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 60 பாகையில் இருப்பதால், சூன் திங்களில் அங்கே பகற்பொழுது ஏறத்தாழ 19 மணி நேரம் நீள்கிறது. திசம்பரிலோ ஆறு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே அளவான பகலைக் கண்டு பழகிய நம் நாட்டு மாணவர்க்கு இது வியப்பாகவே இருக்கும். கோடையில் மூடுபனி, குளிர்காலத்தில் உறைபனி, எக்காலத்திலும் காற்று. தீவில் மரம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. தரையோடு தரையாகப் படரும் குட்டை வில்லோச் செடியும், கோரையும், பாசியுமே அங்குள்ள பசுமை. இத்தகைய நிலத்தைத் தூந்திரம் என்று பூகோள நூல்கள் வழங்குகின்றன.

கடலோரச் செங்குத்துப் பாறைகளில் கோடைதோறும் கடற்பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து குஞ்சு பொரிக்கின்றன. அவற்றினும் சிறப்புடையது மக்கே பண்டிங் என்னும் சிறு குருவி. கோடையில் அதன் ஆண் பெரும்பாலும் வெண்பஞ்சு போல இருக்கும்; சிறகு நுனியிலும் வாலிலும் மட்டும் கருமை காணப்படும். செயிண்ட் மத்தேயுவும், அதன் அண்டையிலுள்ள சிறிய ஹால் தீவுமே அதன் தாயகம். வேறெங்கும் அது வழக்கமாகக் கூடு கட்டுவதில்லை. நரிகளும், எலியினத்தைச் சேர்ந்த சிறு பிராணி ஒன்றும் தீவில் உண்டு. ஓநாய் இல்லை.

ஒரு காலத்தில் வெண்கரடிகளும் இருந்தன. 1874-ஆம் ஆண்டில் ஹென்றி எலியட் என்பவர் அங்கு இறங்கியபோது, கோடையிலும் தீவைவிட்டு அகலாத வெண்கரடிகளை நூற்றுக்கணக்கில் கண்டதாக எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து, 1899-இல் ஹாரிமன் ஆராய்ச்சிக் குழுவினர் சென்றபோது ஒரு கரடியும் தென்படவில்லை. கரடிகள் நடந்து தேய்ந்த பழைய தடங்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரர் செய்த வேலை அது. பத்தாண்டு கடந்து, 1909-இல், அத்தீவு பறவைகளின் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. கரடிகளுக்கு அவ்வறிவிப்பு காலங்கடந்து வந்தது.

எனினும் செயிண்ட் மத்தேயுவின் பெயரை உயிர்நூல் அறிஞரிடையே பரப்பியது கரடியன்று, பனிமான். இரண்டாம் உலகப் போரின்போது, கப்பல்களும் விமானங்களும் தாம் இருக்கும் இடத்தை அறிய உதவும் லோரான் என்னும் வானொலி நிலையம் ஒன்றை அமெரிக்கக் கடலோரக் காவற்படையினர் அத்தீவில் அமைத்தனர். உணவுக் கப்பல் வராமற்போனால் பசியாற வழி வேண்டுமல்லவா? அதன் பொருட்டு 1944-இல் நூனிவாக் தீவிலிருந்து 29 பனிமான்களைக் கொணர்ந்து விட்டனர். அவற்றுள் 24 பெண், 5 ஆண். விரைவில் போர் முடிந்தது, நிலையம் மூடப்பட்டது, ஆட்கள் கப்பலேறினர். மான்கள் மட்டும் தங்கிவிட்டன.

அவற்றுக்கு அங்கே என்ன குறை? துரத்தும் ஓநாய் இல்லை. சுடும் மனிதன் இல்லை. காலடியில் லைக்கன் மெத்தை. லைக்கன் என்பது காளானும் பாசியும் ஓருயிர் போல இணைந்து வாழும் பூண்டு. பனியைக் குளம்பால் கிளறி அதனைத் தின்றே பனிமான் குளிர்காலத்தைக் கழிக்கும். அதுவரை எந்த மானும் வாய்வைத்திராத அத்தீவில் அது அடர்ந்து தடித்துக் கிடந்தது. ஆனால் லைக்கனின் வளர்ச்சி மிக மந்தமானது. ஓராண்டில் சில மில்லிமீட்டரே வளரும். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த முதலை மான்கள் தின்றன. அவை வட்டியில் வாழவில்லை. இதுவே பின்னர் நேர்ந்த அனைத்துக்கும் வேர்.

1957-இல் டேவிட் கிளைன் என்னும் உயிர்நூல் அறிஞர் தீவைச் சுற்றி நடந்து 1,350 மான்களை எண்ணினார். அவை நன்கு கொழுத்திருந்தன. பட்டியில் வளரும் பனிமான்களைவிட எடையில் மிகுந்திருந்தன. ஆனால் காற்று பனியை ஒதுக்கிவிடும் மேட்டுநிலங்களில் லைக்கன் தேய்ந்துபோயிருந்ததையும் அவர் கண்டார். 1963-இல் அவர் மறுபடி சென்றபோது மான்கள் 6,000. சதுர மைலுக்கு ஏறக்குறைய 47.

வகுப்பில் கணக்காகப் போட்டுக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது. 29-ஐ இரட்டித்துக்கொண்டே செல்க: 58, 116, 232, 464, 928, 1,856, 3,712, 7,424. ஏழாம் இரட்டிப்புக்கும் எட்டாம் இரட்டிப்புக்கும் இடையில் 6,000 நிற்கிறது. அதற்குப் பிடித்த காலம் 19 ஆண்டு. எனவே இரண்டரை ஆண்டுக்கொரு முறை மந்தை இரட்டித்திருக்கிறது. கரும்பலகையில் இதை எழுதியபின், அதே இரண்டரை ஆண்டில் லைக்கன் எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்திருக்கும் என்று மாணவரைக் கேட்கலாம்.

எண்ணிக்கை ஏறியதே தவிர உடல் இளைத்துவிட்டது. 1957-ஐ நோக்க, 1963-இல் வளர்ந்த பெண்மான்களின் எடை நூற்றுக்கு 38 பங்கும், ஆண்மான்களின் எடை 43 பங்கும் குறைந்திருந்தன. கன்றுகளின் விகிதமும் தாழ்ந்திருந்தது. மந்தையின் தலைகளை மட்டும் எண்ணுபவர்க்கு அது செழிப்பின் உச்சி. மானைத் தராசில் நிறுத்தவர்க்கோ பஞ்சத்தின் வாயில்.

அடுத்து வந்த 1963-64 குளிர்காலம் பேரிங் கடற்பகுதியில் மிகக் கொடியது. பனி அளவுக்கு மீறிக் குவிந்தது. அங்கே நிகழ்ந்ததைக் கண்டவர் எவருமில்லை. 1966-இல் கிளைன் மூன்றாம் முறை சென்றபோது தரையெங்கும் எலும்புக்கூடுகள் வெளுத்துக் கிடந்தன. அவை யாவும் ஒரே அளவில் சிதைந்திருந்தமையால், எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் மாண்டவை என்பது தெரிந்தது. எலும்பை உடைத்து உள்ளிருக்கும் மச்சையைச் சோதித்தார். அதில் கொழுப்பு அறவே இல்லை. பட்டினி கிடக்கும் விலங்கு தன் உடலில் சேமித்த கொழுப்பையெல்லாம் கரைத்துக் கடைசியாகத் தொடுவது மச்சைக் கொழுப்பையே. ஆகவே, நோயால் மாண்டனவோ என்ற ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

உயிரோடிருந்தவை 42. அவற்றுள் 41 பெண். ஆண் ஒன்றே, அதன் கொம்பும் இயல்புக்கு மாறாக வளர்ந்திருந்தது, இனம் பெருக்கும் ஆற்றல் அதற்கு இருந்திராது என்று கருதினர். கன்று ஒன்றுகூட இல்லை. குளிர்காலத்துக்கு முன்வரும் இணைசேர் பருவத்தில் ஆண்மான்கள் மேய்ச்சலை மறந்து போரிட்டு மெலிவது வழக்கம். மெலிந்த உடலோடு பனியை எதிர்கொண்டவை முதலில் வீழ்ந்ததில் வியப்பில்லை. எஞ்சிய பெண்மான்களும் முதுமையுற்று ஒவ்வொன்றாக மடிய, 1980-களுக்குள் தீவில் பனிமான் இனமே அற்றுப்போயிற்று.

இந்நிகழ்ச்சியை மனிதகுலத்துக்கு அப்படியே பொருத்தி, மக்கட்பெருக்கம் பற்றி எச்சரிக்கை செய்வோர் பலர். மான் பயிரிடுவதுமில்லை, படகு கட்டுவதுமில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். எண்களுக்காக மட்டும் இவ்வரலாற்றைப் போற்றுவதும் போதாது. அத்தீவின் நிலம் இன்னும் கணக்கை முடிக்கவில்லை.

மான்கள் மாண்டு இருபது ஆண்டுக்குமேல் கழிந்து, 1985-இல் அங்குள்ள லைக்கனை அளந்தனர். மேய்ச்சல் படாத நிலத்தில் எவ்வளவு இருக்குமோ அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கே திரும்பியிருந்தது.  2005-இல் மீண்டும் அளந்தபோது பன்னிரண்டு பங்கே இருந்தது. கடற்பனி சுருங்கித் தட்பவெப்பம் மாறிவருவது லைக்கனின் மீட்சியைத் தடுத்திருக்கலாம் என்பது ஆராய்ந்தவர்களின் கருத்து.