லிப்ரே ஆபீஸ்: குறை எங்கே இருக்கிறது?

லிப்ரே ஆபீஸ் என்பது கடிதம், கணக்குத்தாள், படவில்லைக் காட்சி போன்ற அலுவலக வேலைகளுக்கான கட்டற்ற மென்பொருள் தொகுப்பு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் உருவாக்கிய ஸ்டார் ஆபீஸ்தான் இதன் மூதாதை. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கி, மறு ஆண்டே மூலநிரலைப் பொதுவில் வைத்தது. அதிலிருந்து ஓப்பன் ஆபீஸ் பிறந்தது. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போனதும் நிரலாளர் பலர் பிரிந்து டாக்குமென்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினர். அந்தச் செப்டம்பரில் லிப்ரே ஆபீஸ் தனிவழி கிளம்பியது.

இதைப்பற்றி அதிகம் கேட்கும் புகார், வேர்டில் செய்த கோப்பைத் திறந்தால் பக்கம் கலைந்துவிடுகிறது என்பது. புகார் உண்மை, காரணம்தான் பெரும்பாலும் தவறாகச் சொல்லப்படுகிறது. முதல் காரணம் எழுத்துரு. வேர்டில் நீண்ட காலம் இயல்பாக இருந்த காலிப்ரி மைக்ரோசாஃப்டின் உடைமை. அதை லிப்ரே ஆபீஸோடு சேர்த்து வழங்க முடியாது. கணினியில் காலிப்ரி இல்லையென்றால் அதே அகலத்தில் வடிவமைக்கப்பட்ட கார்லிட்டோ அந்த இடத்துக்கு வரும். வரிகள் அதே இடத்தில் மடங்கும். இணையான எழுத்துரு எதுவும் கிடைக்காதபோதுதான் சிக்கல். ஒரு வரி நீண்டு அடுத்த வரிக்கு வழியும். அது அட்டவணையைக் கீழே தள்ளும். கடைசியில் கையொப்பமிடும் இடம் மட்டும் தனிப் பக்கத்தில் போய் நிற்கும். தமிழர்களுக்கு இது பழகிய தொல்லைதான். பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், வேர்டிலும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்.

இரண்டாவது காரணம் கோப்பு வடிவம். வேர்டின் டாக்எக்ஸ் வடிவம் 2008இல் பன்னாட்டுத் தரமானது. ஆனால் அந்தத் தரத்தில் கண்டிப்பான வகை, இடைக்கால வகை என இரண்டு உண்டு. பழைய பதிப்புகளின் பழக்கங்களையெல்லாம் சுமந்துவரும் இடைக்கால வகையில்தான் வேர்டு இயல்பாகச் சேமிக்கிறது. அவற்றை வெளியிலிருந்து ஒவ்வொன்றாகக் கண்டறிந்து ஈடுகொடுப்பது லிப்ரே ஆபீஸ் நிரலாளர்களின் தீராத வேலை. லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓடிஎஃப் 2006இலேயே பன்னாட்டுத் தரமானது. அந்த வடிவிலான உரை ஆவணத்தின், அதாவது ஓடிடி கோப்பின், பெயர் முடிவை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளிருப்பது தெரியும்: உரை ஒரு கோப்பில், பாணிகள் இன்னொன்றில், படங்கள் ஒரு கோப்புறையில். உரைக்கோப்பைச் சாதாரணக் குறிப்பேட்டு மென்பொருளிலேயே வாசிக்கலாம். முப்பது ஆண்டு கழித்து எந்த நிறுவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆவணத்தை மீட்டெடுக்க இது போதும். நிலப்பதிவும் தீர்ப்பும் காக்கும் அரசுகளுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

தட்டச்சுப் பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. கலைந்த கோப்பில் கன்ட்ரோலும் எஃப்10உம் சேர்த்து அழுத்தினால் மறைகுறிகள் தெரியும். தலைப்பை நடுவில் நிறுத்த இருபது இடைவெளி, அடுத்த பக்கத்துக்குப் போகப் பதினைந்து என்டர் என்று தட்டியிருப்பது அப்போது அம்பலமாகும். அப்படிச் செய்த ஆவணம் அச்சுப்பொறியை மாற்றினால்கூடக் கலையலாம்.

தோற்றம் பழையது என்ற குறைக்கு விடை சுருக்கமானது. வியூ பட்டியில் யூசர் இன்டர்ஃபேஸ் என்பதைத் திறந்து டேப்ட் வகையைத் தேர்ந்தால், வேர்டின் ரிப்பனைப் போன்ற அமைப்பு வந்துவிடும். 2019இல் வெளிவந்த 6.2 பதிப்பிலேயே இது முழுமை பெற்றது. தமிழ் எழுத்து உடைகிறது என்பதும் பழங்கதை. 2017இன் 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே எழுத்தமைப்புப் பொறி ஒருங்குறித் தமிழைக் கையாளுகிறது.

குறைசொல்பவர் கையில் இருப்பது எந்த மென்பொருள் என்று முதலில் கேட்பது நல்லது. பலரிடம் இன்னும் ஓப்பன் ஆபீஸ்தான் இருக்கிறது. அதன் 4.1 பதிப்பு 2014இல் வந்தது. அதற்குப் பின் சிறு திருத்தங்கள் மட்டுமே. டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கும், ஆனால் அந்த வடிவில் சேமிக்காது. லிப்ரே ஆபீஸோ ஆண்டுக்கு இரண்டு முறை புதிய பதிப்பு காண்கிறது. எக்செல்காரர்கள் விரும்பும் எக்ஸ்லுக்அப் சார்பு 2024 ஆகஸ்ட் பதிப்பில் வந்துவிட்டது.

மறுக்க முடியாத குறைகளும் உண்டு. எக்செல் மேக்ரோக்களை நம்பி ஓடும் கணக்குப்பிரிவு உடனே மாறினால் வேலை நின்றுவிடும். அந்த மேக்ரோக்களின் விஷுவல் பேசிக் நிரல்களில் எளியவை ஓடும். சிக்கலானவற்றைத் திருத்தியோ புதிதாகவோ எழுத வேண்டும். எக்செலின் பவர் குவெரிக்கு முழு ஈடு லிப்ரே ஆபீஸின் கணக்குத்தாளான கால்க்கில் இல்லை. பலர் ஒரே நேரத்தில் ஒரே ஆவணத்தைத் திருத்துவதற்கும் கணினியில் நிறுவும் பதிப்பு ஏற்றதல்ல. கொலபோரா ஆன்லைன் போன்ற சேவையகப் பதிப்பு வேண்டும்.

இலவசம் என்றால் பொறுப்பேற்க ஆளில்லை என்பது அலுவலகங்களின் அச்சம். மென்பொருளுக்குத்தான் விலையில்லை, ஆதரவைக் கட்டணத்துக்கு வழங்கக் கொலபோரா போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. நிரலின் பெரும்பகுதியை எழுதுவதும் அத்தகைய நிறுவனங்களில் ஊதியம் பெறும் நிரலாளர்களே. பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டால் எண்ணிட்டு வெளியிடப்படுகின்றன. நம்பகமான கையொப்பம் இல்லாத மேக்ரோக்கள் இயல்பிலேயே தடுக்கப்படுகின்றன.

ஜெர்மனியின் மியூனிக் நகரம் திரும்பிப்போனதே என்பது எதிர்ப்பவர்களின் கடைசி அம்பு. சுமார் 15,000 கணினிகளைக் கட்டற்ற மென்பொருளான லினக்ஸுக்கு மாற்றிய அந்த மாநகராட்சி, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது உண்மை. ஆனால் பிரான்சின் ஜாந்தார்மரி காவல்படை 2005இல் ஓப்பன் ஆபீஸுக்கு மாறத் தொடங்கிப் பின்வாங்கவில்லை. ஜெர்மனியிலேயே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு சுமார் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றும் முடிவை 2024 ஏப்ரலில் அறிவித்தது. மியூனிக்கை மட்டும் எடுத்துக்காட்டுவது நியாயமில்லை.

மாற நினைக்கும் அலுவலகம், தன்னிடம் உள்ளதிலேயே கடினமான கோப்புகளை முதலில் லிப்ரே ஆபீஸில் திறந்து பார்க்கட்டும். மேக்ரோ உள்ளவற்றைத் தனியே பிரிக்கட்டும். தமிழ் ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றட்டும். வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப் ஆகவும், காத்துவைப்பதை ஓடிஎஃப் ஆகவும் சேமிக்கட்டும். இதற்கு எந்த உரிமமும் வாங்க வேண்டியதில்லை. இருக்கும் மென்பொருளை நீக்கவும் வேண்டாம், இரண்டும் ஒரே கணினியில் இருக்கலாம்.