15 லட்சம் கையில வந்தா லைஃப் செட்டிலா? ஒரு ஓட்டப்பந்தய வீராங்கனையின் கணக்கு



தருமபுரியில இருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போற நம்மள்ல பல பேருக்கு ஒரே ஒரு சம்பளம்தான். அது திடீர்னு நின்னா என்ன செய்வோம்? இந்தக் கேள்வியை 25 வயசுல சந்திச்சவர் சாந்தி சௌந்திரராஜன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சிக்காரர். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். 2006 டிசம்பர்ல தோஹா ஆசியப் போட்டியில 800 மீட்டர் ஓட்டத்துல வெள்ளி ஜெயிச்சார். சில நாள்லயே பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி பதக்கத்தைப் பறிச்சுட்டாங்க. ஊக்கமருந்து இல்ல, ஏமாத்து இல்ல. ஆனாலும் ஓட்ட வாழ்க்கை அதோட முடிஞ்சது.

அப்பவும் முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். சாந்தி சொந்த மாவட்டத்துலயே பயிற்சி மையம் ஆரம்பிச்சார். 2009-ல அங்க 68 பேர் பயிற்சி எடுத்தாங்க. ஆனா 2012-ல அவரே செங்கல் சூளையில தினக்கூலிக்கு வேலை செய்யுறார்னு செய்தி வந்தது.

"15 லட்சம் வாங்கினவங்களுக்கா இந்த நிலைமை?"னு கேட்கத் தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. மொத்தத்தையும் 7% வட்டிக்கு எஃப்.டி.யில போட்டாலும் வருஷத்துக்கு 1,05,000 ரூபாய், மாசத்துக்கு 8,750 ரூபாய். விலைவாசி வருஷா வருஷம் ஏறும், இந்த வட்டி ஏறாது. மொத்தமா வர்ற பணம் சம்பளத்துக்கு ஈடாகாது.

அப்புறம் என்ன மாறுச்சு? சாந்தி என்.ஐ.எஸ். பயிற்சியாளர் டிப்ளமோ முடிச்சார். கையில ஏற்கெனவே இருந்த திறமைக்கு அங்கீகாரம் கிடைச்சது. அதுக்கப்புறமும் போராடித்தான், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துல தடகளப் பயிற்சியாளரா நிரந்தர வேலை வாங்கினார். தோஹாவுக்கும் அந்த வேலைக்கும் நடுவுல கிட்டத்தட்ட 10 வருஷம்.

நாம எடுத்துக்க வேண்டியது மூணு:

1. 6 மாசச் செலவுப் பணம் தனியா இருக்கட்டும். மாசம் 2,000 ரூபாய் ஆர்.டி.யில ஆரம்பிச்சாலும் போதும்.

2. போனஸோ, நிலம் வித்த பணமோ வந்தா, அதை மாச வருமானமா மாத்திக் கணக்குப் பாருங்க. அப்புறம் செலவு பண்ணுங்க.

3. தெரிஞ்ச வேலைக்குச் சான்றிதழ் வாங்குங்க. வெல்டிங்கோ, டாலியோ, டிரைவிங்கோ, வேலை போன அன்னிக்கு அடுத்த கம்பெனி முதல்ல கேட்கிறது அதைத்தான்.

பறிச்ச பதக்கம் அவருக்கு இன்னும் திரும்பக் கிடைக்கல. ஆனா கத்துக்கிட்ட ஓட்டத்தை யாராலயும் பறிக்க முடியல. உங்ககிட்ட அப்படி என்ன தொழில் இருக்கு? கமெண்ட்ல சொல்லுங்க.