யவனர் ஜாடியும் நம்மவர் துணியும்

நெம்மேலிக்குத் தெற்கே, மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும் கடந்து, பாலாற்று முகத்துவாரத்தை அடுத்து வசவசமுத்திரம் என்னும் சிற்றூர் உள்ளது. 1970ஆம் ஆண்டில் தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்தபோது ரோமானிய ஜாடிகளின் உடைந்த துண்டுகளும், உறைகிணறும், செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன.

இத்தகைய பொருள்களை நிறையக் காண விரும்பும் அங்கத்தினர்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்திற்குச் செல்லவேண்டும். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் துரையும் பின்னர் மற்றவர்களும் தோண்டி எடுத்தவற்றுள் பல அங்கு வைக்கப்பட்டுள்ளன. மதுவும் ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் நிறைத்து வந்த கூர்அடி ஜாடிகள், இத்தாலியச் செந்நிறத் தட்டுகளின் துண்டுகள், மணிகள் யாவும் அன்றாடப் புழக்கத்திற்குரியவையே.

அரிக்கமேட்டுச் செங்கல் தொட்டிகளை மஸ்லின் துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் என்றார் வீலர். பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் இதை ஐயுற்றனர். சாயத்தொழில் அறிந்த நம்மவர் யாரேனும் அவற்றைப் பார்த்துச் சொல்லலாமே என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் அந்நாளைய துணி ஒரு சாண்கூட அங்கு இல்லை. நமது ஈரமண்ணில் பருத்தி மட்கிவிடும். அதைக் காப்பாற்றியது எகிப்து நாட்டு வறண்ட மணல். செங்கடற்கரையிலுள்ள பெரெனிகே துறைமுகத்தில் பருத்தித் துணித் துண்டுகள் பல அகப்பட்டன. எகிப்தியர் வழக்கமாக நூல் முறுக்கும் திசைக்கு எதிர்த்திசையில், இந்திய முறையில், அவற்றின் நூல் முறுக்கப்பட்டிருந்தது. முறுக்கைக் கொண்டே பிறந்த நாட்டை அறிந்தனர்! பயிரிடுவோர்க்கும் அவ்வூரில் ஒரு செய்தி உண்டு: கோயிலொன்றில் புதைந்திருந்த இந்திய மண்சாடியில் ஏறக்குறைய ஏழரை கிலோ மிளகு கெடாமல் இருந்தது.