தோலில் முடி எடுக்க பூஞ்சை! குரோம்பேட்டை பக்கத்து ஆலைகளுக்கு இது எப்படி உதவும்?

தாம்பரம் ரயிலில் தினமும் குரோம்பேட்டையைக் கடந்து போகிறவர்களில் பலருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த குரோம் லெதர் கம்பெனிதான் ஊருக்கே பெயர் கொடுத்தது. பக்கத்திலேயே இருக்கிற நாகல்கேணியில் தோல் ஆலைக் கழிவும், கெட்டுப்போன நிலத்தடி நீரும் பல வருஷப் பிரச்சினை.

பழி பெரும்பாலும் குரோமியம் மேல்தான் விழுகிறது. ஆனால் கழிவுநீரின் மாசில் பெரும்பகுதி அதற்கு முந்தைய வேலைகளிலேயே சேர்ந்துவிடுகிறது. அதில் முக்கியமானது, தோலில் இருந்து முடியை எடுப்பது.

சல்பைடு ஏன் ஆபத்து?

முடி நீக்க வழக்கமாக சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுவார்கள். சல்பைடு கலந்த நீரில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாது. கழிவுத் தொட்டிக்குள் இறங்குகிறவரின் உயிரைப் பறிப்பது இதுதான்.

இதற்கு மாற்று புரோட்டியேஸ் என்ற நொதி. முடியின் வேரைப் பிடித்திருக்கும் புரதத்தை இது தளர்த்திவிடும். அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து இந்த நொதியை எடுத்து, 1991-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

தவிட்டில் தண்ணி தெளித்தால் போதுமா?

போதாது. பூஞ்சை நல்லா வளர்வது வேறு, நொதி நிறைய தருவது வேறு. குளுக்கோஸ் போன்ற எளிய சர்க்கரையை அள்ளிக் கொடுத்தால் அது செழிப்பாக வளரும், ஆனால் நொதி சுரப்பது குறைந்துவிடும். சும்மா கிடைக்கும் சாப்பாடு இருக்கும்போது புரதத்தை உடைத்துத் தின்ன அதற்கு என்ன அவசரம்?

ஈரமும் அப்படித்தான். குறைந்தால் வளர்ச்சி நிற்கும். கூடினால் தவிடு கூழாகி காற்று போகாது, பாக்டீரியா புகுந்துவிடும். வளரும் பூஞ்சையே சூட்டைக் கிளப்பும் என்பதால் தட்டில் தவிட்டை மெல்லிசாகத்தான் பரப்ப வேண்டும். இந்த வகைப் பூஞ்சைக்கு 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் தோது. சென்னையின் மே மாத வெயிலில் இட்லி மாவு என்ன பாடுபடும் என்று தெரியும்தானே? குளிரூட்டாத அறையில் இதுவும் கைமீறிப் போகும். அறுவடையைத் தள்ளிப்போட்டாலும் நஷ்டம்தான், புரோட்டியேஸ் தன்னைத்தானே தின்ன ஆரம்பித்துவிடும்.

ஈரம், வெப்பம், அமிலத்தன்மை, நாள் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாலும் முழு விடை கிடைக்காது. ஒன்றை மாற்றினால் இன்னொன்றின் சரியான அளவும் மாறும். அதனால்தான் ஆய்வகங்கள் பலவற்றைச் சேர்த்து மாற்றி, புள்ளியியல் முறையில் கணக்கிடுகின்றன.

பிறகு ஏன் தயக்கம்?

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் புரதம். வளர்ப்பில் சின்ன மாற்றம் வந்தாலும் சுரக்கும் நொதிகளின் கலவை மாறலாம். கொலாஜனை அரிக்கும் நொதி அதில் கூடிவிட்டால் மொத்த லாட்டும் வீண், நஷ்டம் ஆலைக்காரர் தலையில். போதாக்குறைக்கு, நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்குவதும் இதே பூஞ்சை இனம்தான். நஞ்சு சுரக்காத ரகமா என்று சோதிக்காமல் இறங்க முடியாது.

சல்பைடு குறைந்தால் தொட்டியில் இறங்கும் தொழிலாளிக்கு ஆபத்து குறையும். குரோமியம் மட்டும் அடுத்த கட்டத்தில் அப்படியே இருக்கும். அதற்கு இந்த நொதியில் தீர்வு இல்லை.