கொல்லிமலைச் சாமையும் ரேஷன் அரிசியும்

சிறுதானியத்தின் பெருமையைப் பேசுவது இப்பொழுது நாகரிகமாகிவிட்டது. இந்தியாவின் யோசனையை ஏற்று, 2023-ம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய வருஷமாகக் கொண்டாடிற்று. மகிழ்ச்சியே. ஆயினும் பட்டணவாசிகளின் இலைக்குச் சாமைச் சோறு வந்து சேரும் இக்காலத்தில், அதை வளர்த்த மலைவாசியின் அடுப்பிலிருந்து அது மறைந்து வருவதேன் என்று நாம் கேட்டேயாக வேண்டும்.

நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலை, வல்வில் ஓரியின் மலை. அங்கு மலையாளிகள் என்று வழங்கும் பழங்குடி மக்கள் சாமை, கேழ்வரகு, தினை முதலியவற்றை மானாவாரியாகப் பயிரிட்டு உண்டு வந்தனர். சில பத்தாண்டுகளுக்குள் அந்நிலங்களில் பெரும்பகுதியை மரவள்ளி கவர்ந்துகொண்டது. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்கு ரொக்கம் தருகின்றன. ரேஷன் கடையோ 2011 முதல் அரிசியை இலவசமாகவே தருகிறது. இந்நிலையில் சாமையைக் கைவிட்ட குடியானவரை அறிவிலி என்று யார் சொல்லத் துணிவார்?

தேகாரோக்கியத்தைப் பார்த்தால், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ ஏறக்குறைய 10 மில்லிகிராமே. பூமியின் நலனைப் பார்த்தால், சரிவான நிலத்தைக் கிளறி மரவள்ளி பறிக்குந்தோறும் மழையில் மேல்மண் கரைந்தோடுகிறது. நெல்லோ தண்ணீரை மிகுதியாகக் கேட்பது. நீர் தேங்கிய வயலிலிருந்து எழும் மீதேன் வாயுவும் உலகின் வெப்பத்தைக் கூட்டுவது. சாமைக்கு மழையே போதும். இவ்விரண்டையும் மட்டும் நிறுத்துப் பார்ப்போர், வழக்கு முடிந்தது என்று எழுந்துவிடுகின்றனர்.

முடியவில்லை. பெண்களின் உழைப்பு எந்தத் தராசில் ஏறிற்று? சாமையின் உமி மணியோடு இறுகப் பற்றியிருப்பது. அதை உரலிலிட்டுக் குத்தும் துன்பம் முழுதும் அவர்களுடையது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதையுணர்ந்து, கொல்லிமலைக் கிராமங்களில் உமி நீக்கும் இயந்திரங்களையும் விதை வங்கிகளையும் சுய உதவிக் குழுக்களின் வசம் ஒப்புவித்தது. உபதேசத்தைவிட ஓர் இயந்திரம் அதிகம் சாதிக்கும் என்பதற்கு இது சான்று. ஆனால் தவிடு போகுமளவு வெள்ளையாகத் தீட்டினால், சத்தும் தவிட்டோடு போய்விடும் என்பதை மறக்கலாகாது.

சர்க்கார் செய்யவேண்டியது யாது? 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுதானியத்தை ரேஷனில் வழங்க இடந்தருகிறது. 2023-ல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. அவ்வழியைக் கொல்லிமலைக்கும் விரித்து, அம்மலையிலேயே விளையும் சாமையையும் கேழ்வரகையும் நியாய விலைக்கு வாங்கி, அம்மலைக் கடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் வழங்கவேண்டும். அரிசியை நிறுத்துவது தகாது; எதை உண்பதென்பதை மக்களே தீர்மானிக்கட்டும். மரவள்ளி தரும் வருமானத்துக்கு ஈடான விலை சாமைக்குக் கிடைக்காதவரை, பூமியின் க்ஷேமத்தை மலைவாசிக்குப் போதிக்க நமக்கு யோக்கியதை இல்லை.